கொடிகாமத்தில் ஓர் இரைச்சல் கச்சேரி

தனி ஆளாக இரைச்சலையும் நீண்ட ரீங்காரத்தையும் வைத்து இசை செய்கிற ஒருவர் கொடிகாமத்தில் இருக்கிறார் என்று நண்பன் ஓர் ஒலிப்பதிவை அனுப்பினான். முதல் தடவை பாதியில் நிறுத்திவிட்டேன். இரண்டாம் தடவை வீட்டு மின்விசிறியை அணைத்துவிட்டுக் கேட்டேன். பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை அவர் நேரில் வாசிக்கிறார் என்று தெரிந்ததும் கொழும்பிலிருந்து காலை ரயில் பிடித்தேன்.

மதியம் தாண்டிக் கொடிகாமத்தில் இறங்கி, சந்தைக்கு எதிரே சோறு சாப்பிட்டேன். கத்தரிக்காய்க் குழம்பு அருமை. அங்கிருந்து மூன்று கிலோமீற்றருக்கு ஓட்டோ ஐந்நூறு ரூபாய். சாரதி விசாரித்தார்.

"கச்சேரியோ? ஆர் பாடுறது?"

"பாட்டு இல்லை அண்ணை. சத்தம் மட்டும்தான்."

"சத்தம் கேக்கவோ கொழும்பிலையிருந்து வந்தனீங்கள்?" என்று கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இடம், ஒரு வியாபாரியின் வெறுமையான தேங்காய்க் களஞ்சியம். தகரக் கூரை, பிளாஸ்டிக் கதிரைகள், இருபது பேர் வரை இருப்போம். கலைஞரின் பெயர் மயூரி. பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிக்கிறவர். மேசையில் மடிகணினி, குமிழ்கள் நிறைந்த இரண்டு பெட்டிகள், பக்கத்தில் பெரிய ஒலிபெருக்கிகள்.

நான்கு மணிக்குத் தொடங்கினார். அடியிலே ஒரு முழக்கம் தங்கி நிற்க, அதன் மேல் இன்னொரு ஒலி தூரத்திலிருந்து மெல்ல நெருங்கி வந்தது. கூரைத் தகரம் நடுங்கியது. என் விலா எலும்புக்குள்ளும் அது கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் ஒரு குரல். "பிள்ளை, உதை நிப்பாட்டு!"

வாசலில் அறுபது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் நின்றார். பக்கத்து வளவுக்காரர், புனிதம் அக்கா. மூச்சு வாங்கியது. "பொம்பர் வாற மாதிரிக் கிடக்கு. நெஞ்சு பதறுது."

மயூரி உடனே நிறுத்தினார். அதை ரசித்துக்கொண்டிருந்த எனக்கு வெட்கமாகிவிட்டது. விமானம் வந்து குண்டு போட்ட ஊர் இது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மயூரி எழுந்து போய் அவருக்கு ஒரு கதிரை போட்டார். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. எந்தச் சத்தம் பயப்படுத்துது எண்டு பாக்க, ஒவ்வொண்டாய்ச் சின்னனாய்ப் போட்டுக் காட்டட்டே? கையைத் தூக்கினால் நிப்பாட்டுவன்."

அவர் வந்து உட்கார்ந்தார். "ஓம், போடு."

நெருங்கி வரும் ஒலி வந்ததுமே கை உயர்ந்தது. மயூரி அதை முழுவதுமாக எடுத்துவிட்டார். முழக்கம் மட்டும் தனியே நின்றது. புனிதம் அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"உது பரவாயில்லை. உது எங்கடை தண்ணி இறைக்கிற மிசின் மாதிரியெல்லோ?"

"உங்கடை மிசின்தான் அக்கா. வேலிக்கு இங்காலை நிண்டு பதிஞ்சனான்."

"என்னைக் கேக்காமலோ?"

களஞ்சியமே சிரித்தது, அவரும்தான்.

அதன் பிறகு நாற்பது நிமிடம் அந்த ஒற்றை மிசின் மெதுவாக இழுபட்டு, தடித்து, கடைசியில் மூச்சளவுக்கு மெலிந்து நின்றது. புனிதம் அக்கா எழுந்து போகவில்லை. இப்படி நிம்மதியாக நான் உட்கார்ந்து பல மாதங்கள் இருக்கும்.

பிறகு தேநீர் குடிக்கும்போது மயூரியிடம், எடுத்துவிட்ட பகுதிக்காகக் கவலையா என்று கேட்டேன். "ரெண்டு மாசம் மினக்கெட்டுச் செய்தது, கவலைதான்" என்றார். "ஆனால் அவ பயந்துகொண்டிருக்க நான் என்னத்தை வாசிக்கிறது?"

போக விரும்புகிறவர்களுக்கு: நுழைவு ஐந்நூறு ரூபாய், தேநீர் சேர்த்து. ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே உட்காராதீர்கள். காதுக்குப் பஞ்சு உதவும். திரும்பும்போது ஏ9 வீதிக்கு வந்துவிட்டால் சாவகச்சேரிப் பக்கம் பேருந்து சுலபமாகக் கிடைக்கும். அடுத்த நிகழ்ச்சி புனிதம் அக்காவின் தோட்டத்தில், மிசினுக்குப் பக்கத்திலேயே. அவராகவே கேட்டாராம். அங்கே நிழல் குறைவு, தொப்பி கொண்டு போங்கள்.