கணக்கில் வராத தண்ணீர்

"ரெண்டு பர்சென்ட் ஊதா மருந்துக் கரைசல் இருநூறு மில்லி வேணும். தூள் எத்தனை கிராமுங்க அக்கா?" என்று கேட்டார் டியூஷன் டீச்சர். என்னைவிட இளையவர். நர்சிங் நுழைவுத் தேர்வுக்காக, பள்ளியோடு விட்ட கணக்கை அவரிடம்தான் மறுபடி படிக்கிறேன்.

"துணி எடை எவ்வளவுங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்தார். "இதுல துணி எங்கிருந்துங்க வந்துச்சு?"

அப்பாவிடமிருந்து வந்தது. அவருக்குச் சாயப்பட்டறையில் வேலை. அங்கே ரெண்டு பர்சென்ட் என்றால் நூறு கிலோ பனியன் துணிக்கு இரண்டு கிலோ சாயம். அவர் சாப்பிட உட்காரும்போது நகங்களில் அன்றைய நிறம் இருக்கும், சட்டையில் புளித்த வாடை இருக்கும்.

"தண்ணி எவ்வளவுங்கப்பா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தண்ணியெல்லாம் கணக்குல வராது கண்ணு. அது ஆத்துக்குப் போறதுதானே."

அவர் வருவதற்கு முன்பே அவருடைய நகத்தின் நிறம் எனக்குத் தெரிந்துவிடும். வீட்டுக்குப் பின்னால் ஓடிய ஆற்றைப் பார்த்தால் போதும். குடிக்கிற தண்ணீர் எங்களுக்கு லாரியில் வந்தது.

"இங்க தண்ணியத்தானுங்க கணக்குல எடுக்கோணும்" என்றார் டீச்சர்.

நான்கு கிராம் என்று எழுதினேன். தேர்வில் மறந்துவிடக் கூடாதென்று, ஓரத்தில் ‘தண்ணீர்’ என்று பெரிதாக எழுதிக்கொண்டேன்.