சாட்சி சொன்னவர்கள்

பணி ஓய்வுக்குப் பிறகு, புலம்பெயர்ந்த தமிழர்கள் கூடும் பென்டில் ஹில் மண்டபமொன்றில் மாதந்தோறும் வரலாறு பேசிவந்தேன். கடைசி வரிசையில் கதவருகே ஒல்லியான, நரைத்த மனிதர் ஒருவர் உட்காருவார். ஹீட்டர் ஓடினாலும் ஜாக்கெட்டைக் கழற்ற மாட்டார்; யாரோ கூப்பிட்டால் உடனே கிளம்பிவிடுகிறவர்போல இருப்பார்.

அன்று இடைக்கால ஐரோப்பிய நகரங்களைப் பற்றிப் பேசினேன். தப்பி வந்த பண்ணையடிமை, மதிலுக்குள் ஒரு வருடமும் ஒரு நாளும் வாழ்ந்துவிட்டால், பல நகரங்களில் அவன் சுதந்திர மனிதன் என்றேன்.

அவர் எழுந்தார். "ஒரு வருசம் போதுமோ ஐயா? நான் வந்து பதின்மூண்டு வருசம். இன்னும் விசா முடிவில்லை. அங்க விட்டிட்டு வந்த மகள் என்ர உயரத்துக்கு வளந்திட்டாளாம்."

முன்வரிசையில் ஒருவர், "அண்ணை, நீங்கள் பிழையான நூற்றாண்டில வந்து இறங்கிப்போட்டியள்!" என்றார். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவர் உட்காரவில்லை. "அந்த அடிமை ஒரு வருசம் மதிலுக்குள்ள இருந்தவன் எண்டு ஆர் சாட்சி சொன்னது?"

"அக்கம்பக்கத்துல இருந்தவங்கதான்," என்றேன்.

அவர் எங்கள் முகங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு மெல்ல உட்கார்ந்தார்.

அடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும் அவர் வரவில்லை. வந்தவர்களிடமெல்லாம் விசாரித்தேன். எங்களில் ஒருவருக்கும் அவர் பெயர் தெரியவில்லை.