நான் வாங்காத மார்க்

பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வின் கணக்கு விடைத்தாள் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. மேல்மூலையில் சிவப்பு மையில் 196, இருநூறுக்கு. அதன் கீழே இரண்டு கோடு. கணக்கு வாத்தியார் அதைத் தூக்கிப் பிடித்து வகுப்பு முழுவதற்கும் காட்டினார். அப்பா அதைக் கப்பலூரில் தான் வேலை பார்த்த கம்பெனிக்கு எடுத்துப்போய் எல்லோரிடமும் காட்டிவிட்டு, கிரீஸ் கறையோடு திருப்பிக் கொண்டுவந்தார்.

பொதுத்தேர்வில் எனக்கு வந்தது தொண்ணூற்றிரண்டு. எண்பதுகளின் தொடக்கம் அது. கூட்டலில் தவறு என்று நம்பி மறுகூட்டலுக்கு எழுதிப் போட்டோம். மாற்றமில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. "வாத்தியார் என்ன செய்வாரு? நீதான் பரீட்சை ஹால்ல பயந்துட்ட" என்றார் அப்பா. நான் பயப்படவில்லை. பாதிக் கணக்குகளை எங்கே தொடங்குவதென்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். சொல்லியும் அவர் நம்பவில்லை.

காளவாசல் பக்கம் வாத்தியார் வீட்டு மாடியில்தான் டியூஷன். ஒவ்வொரு தேர்வுக்கும் முந்தின நாள் முக்கியமானவை என்று சில கணக்குகள் போட்டுக் காட்டுவார். மறுகூட்டல் பதில் வந்தபின் என் டியூஷன் நோட்டையும் அவர் தயாரித்த பள்ளி வினாத்தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். அதே கணக்குகள், எண்கள்கூட மாறவில்லை. தேர்வு எழுதும்போதே இது என் கண்ணில் பட்டிருந்தது என்பதுதான் உண்மை. என் நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டேன். என்மேல் எனக்கு வந்த கோபத்தை அவர்மேல் வந்த கோபத்திலிருந்து இன்றுவரை பிரிக்க முடியவில்லை.

நோட்டோடு அவர் வீட்டுக்குப் போனேன்.

"ஏன் சார் இப்படிச் செஞ்சீங்க?"

"உங்கப்பா என்ன கேட்டாரு? புள்ள நல்ல மார்க் வாங்கணும்னாரு. வாங்குனியா இல்லயா?"

குரலில் கூச்சமே இல்லை. மாடியிலிருந்து இறங்கிவந்த ஒரு மாணவி, "உங்களுக்குத் தெரியாதாக்கா? அதுக்குத்தான எல்லாரும் வாரோம்" என்றாள்.

அக்டோபரில் மறுபடி எழுதினேன். ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தொடங்கி, தனியாகப் படித்தேன். நூற்று நாற்பத்தொன்று வந்தது. ஆசைப்பட்ட இன்ஜினீயரிங்குக்கு அது போதவில்லை. ஒரு வருஷமும் போயிற்று. ஆனால் ஒவ்வொரு மார்க்கும் நான் வாங்கியது.

சில வாரங்களில் வாத்தியார் வீட்டுச் சுவரில் எழுதியிருந்த டியூஷன் விளம்பரத்தில் என் பெயரும் அந்த நூற்று நாற்பத்தொன்றும் ஏறியிருந்தன. "பெருமைதான, விடு" என்றார் அப்பா. ஒரு வாளியில் சுண்ணாம்பைக் கரைத்து, வெள்ளையடிக்கும் மட்டையையும் எடுத்துக்கொண்டு பட்டப்பகலில் போனேன். வாத்தியார் லுங்கியோடு வெளியே ஓடிவந்தார்.

"என்னம்மா இது, தெருவே பாக்குது."

"என் பேரத்தான் சார் அழிக்கிறேன்."

மற்றவர்கள் பெயரை நான் தொடவில்லை.

இப்போது அந்த வீடு இல்லை. அந்த இடத்தில் செல்போன் கடை. வாத்தியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பா கடைசிவரை அவரை நல்ல மனுஷன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். வயதானால் கோபம் ஆறிவிடும் என்கிறார்கள். பஸ் அந்தப் பக்கம் திரும்பும்போது இன்றும் என் பல் நெறிபடுகிறது. அது ஆற வேண்டுமென்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.