எதிர்த்தரப்பு வக்கீலிடம் கேட்ட யோசனை

விசாலம் வக்கீல் காலமான செய்தியை எனக்குச் சொன்னவர் என் வக்கீலின் குமாஸ்தா. கேரள எல்லையில், கோபாலபுரத்தில் என் களத்தில் கொப்பரை லோடு ஏறிக்கொண்டிருந்தது. "அண்ணா, நம்ம எதிர்க்கட்சி வக்கீலம்மா போயிட்டாங்க" என்றார் போனில். பாலக்காட்டுச் சித்தூர் கோர்ட்டில் எங்கள் தேங்காய் வியாபாரிகள் கூட்டத்துக்கு அவர் எப்போதும் எதிர்க்கட்சிதான். கொஞ்ச காலமாக உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். இவ்வளவு சீக்கிரம் என்று நினைக்கவில்லை. ஆட்களிடம் லோடை முடிக்கச் சொல்லிவிட்டு, அவர் வீடு இருக்கும் கல்பாத்திக்குக் கிளம்பினேன். வெளியூரில் படிக்கும் மகளுக்கு வழியிலேயே போன் செய்தேன். அவள் அதற்குள் செய்தி தெரிந்து ரயில் ஏறியிருந்தாள்.

அவரை நம் வியாபாரிகள் பலருக்குத் தெரியும். பாதிப் பேருக்கு அவரிடம் தோற்ற வகையில் தெரியும். நானும் அந்த வகைதான். என் தென்னந்தோப்புக்குப் போகும் வண்டிப்பாதையைப் பற்றி ஒரு வழக்கு. அவர் பக்கத்துத் தோட்டக்காரருக்காக நின்றார். நான் ஒரு சாட்சி கொண்டுபோயிருந்தேன். பேச்சில் கெட்டிக்காரர், கூண்டில் ஏறி மூச்சு விடாமல் பேசினார். விசாலம் வக்கீல் அவரைக் கடைசிவரை பேசவிட்டுவிட்டு, அந்தத் தோப்புக்கு வடக்கே என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டார். சாட்சி வாய்க்கால் என்றார். வாய்க்கால் தெற்கே இருக்கிறது. தீர்ப்பு வந்த அன்று வராந்தாவில் என்னைப் பார்த்து, "மொதலாளி, சாட்சி நன்னாப் பேசினார். ஒரு தடவை தோப்புக்கும் கூட்டிண்டு போயிருக்கலாம்" என்றார். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. சிரிப்பு வந்தது, வீடு திரும்பும் வழியில் கொழிஞ்சாம்பாறை தாண்டிய பிறகு.

அதற்குச் சில வருடம் கழித்து என் மகள் தாரணி பிளஸ் டூ முடித்தாள். எங்கள் பக்கத்தில் பாதி வீட்டுப் பிள்ளைகளைப் போல அவளும் செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சியில் படித்தவள். சட்டம் படிக்கிறேன் என்றாள். சரி, வீட்டில் ஒரு வக்கீல் இருந்தால் நல்லதுதானே என்று விசாரிக்க இறங்கினேன். இறங்கிய பிறகுதான் தெரிந்தது, இதில் இத்தனை ரகம் இருக்கிறது என்று. பிளஸ் டூ முடித்ததும் சேரும் ஐந்து வருடப் படிப்பு ஒன்று. ஏதாவது ஒரு பட்டம் வாங்கிவிட்டுச் சேரும் மூன்று வருடப் படிப்பு ஒன்று. ஐந்து வருடத்திலேயே பி.ஏ. சேர்ந்தது, பி.காம். சேர்ந்தது என்று பிரிவுகள். இந்தப் பக்கம் நுழைவுத் தேர்வு, அந்தப் பக்கம் மதிப்பெண். நடுவில் ஒரு ஏஜெண்ட் வேறு வந்தார். வெளிமாநிலத்தில் ஒரு கல்லூரி, வகுப்புக்கே போக வேண்டாம், பரீட்சைக்குப் போனால் போதும் என்றார். எனக்கு அது பிடித்துப்போனது. பட்டமும் ஆச்சு, பெண் மண்டியில் உட்கார்ந்து வியாபாரமும் பழகிக்கொள்வாள்.

ஆனால் பணத்தை நீட்டும் முன் ஒரு ஆளைக் கேட்பது என் வழக்கம். சரக்கின் தரம் தெரிய வேண்டுமென்றால் நம் புரோக்கரைக் கேட்கக் கூடாது. நம்மை ஜெயித்துக்கொண்டு போனவனைக் கேட்க வேண்டும். என் வக்கீலைக் கேட்டால் எனக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வார். ஆகவே மகளைக் கூட்டிக்கொண்டு கல்பாத்தியில் விசாலம் வக்கீல் வீட்டு முன்னறையில் போய் உட்கார்ந்தேன். இது தெரிந்து என் வக்கீல் ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஏஜெண்ட் கொடுத்த நோட்டீஸை அவர் கண்ணாடி போட்டுப் படித்தார். மடித்து என்னிடமே கொடுத்தார்.

"மொதலாளி, தோப்புக்குள்ளே கால் வெக்காம காய்க்கு வெலை பேசுவேளா?"

"பேசுவனுங்க. போன்லயே பேசுவனுங்க."

"அப்பறம்?"

"பாதித் தடவ ஏமாந்து போவனுங்க."

தாரணி சிரித்துவிட்டாள். ஏஜெண்ட் கதை அதோடு முடிந்தது. அதன்பிறகு வக்கீலம்மா என் பக்கம் அதிகம் திரும்பவில்லை. அலமாரியிலிருந்து ஒரு பழைய நில ஆதாரத்தை, அதாவது பத்திரத்தை, எடுத்து அவளிடம் நீட்டி, முதல் பாராவைப் படிக்கச் சொன்னார். மலையாளம். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பேசினால் புரியும், எழுத்து மட்டும் தெரியாது என்றாள்.

"பேசினாப் புரிஞ்சா பஸ்ஸிலே போகலாம். ஆதாரம் வாயைத் தொறந்து பேசாது, கேட்டியா? நீ எந்தக் கோர்ட்டிலே நிக்கப் போறேன்னு மொதல்ல சொல்லு. காலேஜ் அப்பறமாக்கும்."

நான் குறுக்கே விழுந்தேன். "ஏனுங்க வக்கீலம்மா, எங்க நின்னா என்னங்க, பட்டம் ஒண்ணுதானுங்களே?" எல்லைக்காரன் புத்தி அது. எது எந்தப் பக்கம் மலிவோ அந்தப் பக்கம் வாங்குவோம், வசதியான பக்கம் விற்போம். பிள்ளைகளைத் தமிழில் படிக்க அங்கே அனுப்புகிறோம். பிறகு மலையாளத்தில் நடக்கும் கோர்ட்டில் வந்து நிற்க வேண்டும் என்கிறோம். நடுவில் ஒரு பள்ளம் இருப்பது எங்கள் கண்ணில் படுவதே இல்லை.

"டீசல் அங்கே அடிச்சுண்டு வண்டியை இங்கே ஓட்டலாம். வக்கீல் அப்படி ஓடமாட்டா" என்றார். பிறகு மறுபடியும் அவளையே பார்த்தார்.

தாரணி ஆதாரத்தை மேஜைமேல் வைத்தாள். "இங்கதானுங்க நிக்கோணும். எங்க ஊட்டுக்கு வர்றவங்க கோர்ட்டுக் காயிதத்தக் கையில வெச்சுட்டு, இதுல என்ன எழுதியிருக்குதுன்னு கேக்கறாங்க. அப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கெடு தாண்டிப் போயிருதுங்க."

பதினெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தவள். அவள் ஏன் சட்டம் படிக்க ஆசைப்பட்டாள் என்பதை நான் அன்றுதான் கேட்டேன். அதுவும் இன்னொருவர் கேட்ட கேள்விக்குப் பதிலாக.

விசாலம் வக்கீல் சொன்ன வழி இது: முதலில் பாலக்காட்டிலேயே மூன்று வருடம் பி.ஏ. படிக்கட்டும், மலையாளம் கைக்கு வரட்டும், அப்புறம் மூன்று வருடம் சட்டம். தாரணி ஒப்புக்கொள்ளவில்லை. ஐந்து வருடப் படிப்பிலேயே சேர்ந்து மொழியையும் பிடித்துவிடுகிறேன் என்றாள். இருவரும் அரை மணி நேரம் வாதாடினார்கள். கடைசியில் அவர், "எனக்கு சம்மதமில்லை. ஆனா படிக்கப் போறது நீயாக்கும்" என்று விட்டுவிட்டார். இந்த விஷயத்தில் அவர் கணித்தது தவறு என்றே சொல்வேன். தாரணி தினமும் காலையில் மண்டியில் உட்கார்ந்து மலையாளப் பேப்பரைச் சத்தமாகப் படிப்பாள். லோடு ஏற்றுகிறவர்கள் வேலையை நிறுத்தித் திருத்துவார்கள், சிரிப்பார்கள். நுழைவுத் தேர்வு எழுதி அரசுக் கல்லூரியிலேயே இடம் வாங்கினாள். பி.காம். சேர்ந்த பிரிவு என்று நான் பிடித்த பிடிவாதத்தில் மட்டும் இருவரும் எனக்கு எதிராக ஒரு கட்சி. "கணக்கை உங்க ஆடிட்டர் பாத்துப்பார்" என்றார் வக்கீலம்மா. பி.ஏ. சேர்ந்ததில்தான் படிக்கிறாள். இப்போது நான்காம் வருடம்.

இவ்வளவு யோசனை சொன்னவர், அடுத்த வருடமே எனக்கு எதிராக இன்னொரு வழக்கில் ஆஜரானார். தேங்காய் பறிக்கிறவர்கள் கூலி விஷயமாகத் தொடுத்த வழக்கு. எனக்கு மனசு கேட்கவில்லை. கோர்ட் வாசலில் நிறுத்தி, என் பெண்ணுக்கு வழி சொல்லிவிட்டு என்மேலேயே வழக்காடுகிறீர்களே என்று கேட்டேன். "பொண்ணு வேற, பார்ட்டி வேற. ரெண்டையும் ஒரே சாக்குலே கட்டாதேங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. சமரசத்துக்கு நாள் குறித்ததே அவர்தான். கறாரானவர் என்று அவரைப் பற்றிச் சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

படிப்பு முடிந்ததும் தாரணி அவரிடமே ஜூனியராகச் சேர்வதாக ஏற்பாடு. அந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு சுயநலமும் இருந்தது. மகள் அங்கே சேர்ந்துவிட்டால், அந்த ஆபீஸ் அப்புறம் என்மேல் வழக்கு எடுக்காது என்று நினைத்தேன். இதை ஒருநாள் அவரிடமே சொன்னேன். நினைப்பு நன்றாயிருக்கிறது, எழுதி மட்டும் கொடுக்க முடியாது என்று சிரித்தார்.

கல்பாத்திக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் அதிகமில்லை. பார் அசோசியேஷன்காரர்கள், கட்சிக்காரர்கள் சிலர், கூலி வழக்கில் எனக்கு எதிராக நின்றவர்களில் மூன்று பேர். ஒருவருக்கொருவர் தலையசைத்துக்கொண்டோம். தாரணி மத்தியானம் வந்து சேர்ந்தாள். அழவில்லை. எல்லாம் முடியும்வரை வாசலிலேயே நின்றாள்.

திரும்பி வரும்போது காரில் நான்தான் ஆரம்பித்தேன். கோயம்புத்தூரில் எனக்குத் தெரிந்த பெரிய வக்கீல் இருக்கிறார், பெரிய ஆபீஸ், தமிழிலேயே வேலை நடக்கும், வக்கீலம்மாவே இல்லாதபோது இங்கே யாரை நம்பி நிற்பது என்று கேட்டேன். எல்லாம் நியாயமான பேச்சுதான். அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். முதல் வரியிலேயே எனக்கு மறுப்பு நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

வியாபாரத்தில் நான் யாரையும் முழுதாகப் பேசவிட்டதில்லை. எதிராளி பாதி சொல்லும்போதே விலையைச் சொல்லி முடித்துவிடுவேன். விசாலம் வக்கீல் அப்படியில்லை. தோற்றுக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்து அவரை நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கள் வக்கீல் பத்து முறை எழுந்து நிற்பார். வக்கீலம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் கடைசி வார்த்தையைச் சொல்லி முடிக்கும்வரை அசைய மாட்டார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அது ஒன்றைத்தான்.

காரில் மகள் பேசி முடிக்கட்டும் என்று இருந்தேன். "சித்தூர்லயே நிக்கறனுங்கப்பா. யாரு சேத்துக்கறாங்களோ அவங்ககிட்ட. யாரும் சேத்துக்கலைன்னா வராந்தாவுல நின்னு, காயிதத்தோட வர்றவங்களுக்குப் படிச்சுச் சொல்றன். வக்கீலம்மா இல்லைன்னா அவங்க வராம இருப்பாங்களா?" என்று முடித்தாள்.

கொழிஞ்சாம்பாறையில் காரை நிறுத்தி, ஒரு மலையாளப் பேப்பர் வாங்கி அவள் மடியில் வைத்தேன். கோர்ட்டில் இதை ஆட்சேபணை இல்லை என்று எழுதிக்கொள்வார்கள்.