நீலப் பொட்டு வைத்த கதைகள்

போன வாரம் ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போயிருந்தேன். எங்கள் தெருக்கோடியில் தையல் மிஷின் போட்டிருக்கும் ரேவதி, மிஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டுப் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டேன். கதை படிக்கிறவர்கள் ஒன்றாகக் கூடிப் பேசும் குழு போனிலேயே இருக்கிறதாம். அதில் ஒரு பெண், சிரிப்பும் காதலுமாக இப்போது யார் நன்றாக எழுதுகிறார்கள் என்று கேட்டிருக்கிறாள். ஆளுக்கொரு பேராகச் சொல்லி எத்தனையோ பேர் பதில் போட்டிருந்தார்கள். ரேவதி ஒன்றை எனக்குப் படித்துக் காட்டினாள்.

"இவங்க கதையில ஹீரோ கோவக்காரன், சந்தேகக்காரன். ஆனா படிச்சா சிரிச்சிக்கிட்டே இருப்பீங்க."

எந்தக் கதையைப் படிக்கலாம் என்று சொல்லும் வேலையை நானும் ஒரு காலத்தில் பார்த்தவள்தான் என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. எனக்குப் பேச்சு தொண்டை வரைக்கும் வரும், பிறகு அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். எழுதினால் அவ்வளவு கூச்சம் இல்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

ரேவதி கடையில் புதுத் துணியின் கஞ்சி வாசனை அடிக்கும். எங்கள் பீங்கான் கம்பெனியில் சாயத்தோடு கலக்கிற கோந்துக்கும் கிட்டத்தட்ட அதே வாசனைதான். எண்பதுகளின் கடைசியில் நான் அங்கே ஊறுகாய் ஜாடிகளுக்குக் கோடு போடும் வேலையில் இருந்தேன். ஜாடியைச் சுழலும் பலகையில் வைத்து, கழுத்தைச் சுற்றி நீலக் கோடு இழுக்க வேண்டும். நீலம் என்கிறேனே தவிர, இழுக்கும்போது அந்தச் சாயம் கருப்பாகத்தான் இருக்கும். மேலே பூச்சு கொடுத்து, சூளையில் வெந்து வெளியே வந்த பிறகுதான் நீலமாகும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கருப்பு என்று சொன்னால் நாங்கள் சிரிப்போம். எங்கள் கண்ணுக்கு அது கிண்ணத்தில் இருக்கும்போதே நீலம்தான்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மங்கலம்பேட்டை பாய் ஒருத்தர் வாடகைப் புத்தகக் கடை வைத்திருந்தார். நான் உள்ளே போக மாட்டேன். ஆம்பளைகள் நிற்பார்கள் என்று வெளியே ஓரமாக நிற்பேன். "அஞ்சாங்கிளாஸ் டீச்சரம்மா வந்துட்டாங்க" என்று சிரித்தபடி அவரே கொண்டுவந்து கொடுப்பார். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு வரைக்கும். விரலை வைத்துக்கொண்டுதான் படிப்பேன். அப்படியும் கம்பெனிப் பெண்களில் நாவல் முழுசாகப் படிக்கிறவள் நான் ஒருத்திதான் என்பதால், எதைப் படிக்கலாம் என்று எல்லாரும் என்னைக் கேட்க ஆரம்பித்தார்கள். நாலு பேர் நடுவில் தண்ணீர் கேட்கக் கூச்சப்படுகிறவளுக்கு இப்படி ஒரு மரியாதை. எனக்கு அது தலைக்கு ஏறித்தான் இருந்தது.

எழுதுகிறவர்களின் பேர் எங்களுக்கு மனசில் நிற்காது. நாங்களே பேர் வைத்துக்கொள்வோம். ஒருத்தர் மழைக்காரர், அவர் கதையில் மழை பெய்தால்தான் காதல் வரும். ஒருத்தர் மாமியார்காரர், சிரிப்பெல்லாம் மாமியாரை வைத்துத்தான். எல்லாரும் அடித்துக்கொண்டு கேட்பது சண்டைக்காரம்மா கதைதான். அந்த அம்மா கதையில் பாதி வரைக்கும் அவன் அவளைப் படாதபாடு படுத்துவான். சைக்கிள் காற்றைப் பிடுங்குவான், வேறு யாரோடாவது பேசினால் முறைப்பான். எல்லாம் ஆசையால்தான் என்று பின்னால் தெரியும், கல்யாணத்தில் முடியும்.

எங்கள் பெண்களுக்கு அழுகைக் கதை ஆகாது. நாளெல்லாம் மண்ணில் உட்கார்ந்துவிட்டு அதையும் வாங்கிப் படிக்கணுமா என்பார்கள். அதனால் நான் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பேன். சேர்ந்துவிட்டார்கள் என்றால் பின்னட்டையில் சாயத்தைத் தொட்டு ஒரு பொட்டு வைப்பேன். நீலப் பொட்டு என்றால் நம்பிப் படிக்கலாம். பொட்டு இல்லாததைப் படிக்காமலே பாயிடம் திருப்பிவிடுவேன். கூட வேலை செய்த அஞ்சலை ஒருநாள் சொன்னாள்: "புருசனையும் இப்பிடி வாடகைக்கு எடுத்து, கடைசிப் பக்கத்தப் பாத்துட்டுத் திருப்பிக் குடுக்குற மாதிரி இருந்தா எம்மாம் நல்லாருக்கும்." சூளைக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம்.

செந்தாமரை எனக்குப் பக்கத்துப் பலகையில் இருந்தவள். பத்தொன்பது, இருபது வயசு இருக்கும். அவளைப் பெண் கேட்டு வந்தவன் திட்டக்குடிக்காரன், கம்பெனிக்கு மண் லோடு கொண்டுவரும் லாரி டிரைவர் சேகர். அவள் அப்பா, உன் இஷ்டம் தாயே, நீ சரின்னா சரி என்று அவளிடமே விட்டுவிட்டார். அந்தக் காலத்தில் எந்த அப்பா அப்படிச் சொல்வார்? சொன்னார். அவள்தான் பதில் சொல்லாமல் இருந்தாள்.

சித்திரை மாசம், சனிக்கிழமை அரை நாள் வேலை. டீ கொண்டுவருகிறவர் ஏதோ சொல்ல, செந்தாமரை சிரித்திருக்கிறாள். சேகர் அதைப் பார்த்துவிட்டான். நாங்கள் செருப்பைக் கொட்டகைக்கு வெளியே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வேலைக்கு உட்காருவோம். மதியம் வெளியே வந்தால் அவள் செருப்பைக் காணோம். லாரிக் கண்ணாடியில் கட்டித் தொங்கவிட்டிருந்தான். கேட்டதற்குக் கொடுக்கவில்லை. அவள் வெறுங்காலோடு தார் ரோட்டில் நடந்தாள். அவன் பின்னாலேயே லாரியை ஊர்கோலம் மாதிரி மெதுவாக ஓட்டி, ஆரன் அடித்துக்கொண்டே வீடு வரைக்கும் போனான். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சண்டைக்காரம்மா கதையில் வருகிற மாதிரியே இருக்கிறது என்று எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

திங்கட்கிழமை அவள் பாதத்தில் கொப்புளம். காலைத் தரையில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டு கோடு போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, அவரு எந்தக் கதையில வர்ற ஆளு? நீங்க சொல்லுங்க."

"சண்டைக்காரம்மா ஆளு. அதுல என்னா சந்தேகம்?"

"எனக்குச் சிரிப்பு வரலியேக்கா."

"மொதப் பாதி அப்பிடித்தான் இருக்கும் பாப்பா. போவப் போவத்தான் வரும்."

சொன்னதோடு விட்டேனா? தூரிகையைச் சாயத்தில் தொட்டு அவள் புறங்கையில் ஒரு பொட்டு வைத்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். அவளும் சிரித்தாள். சாயங்காலம் கை கழுவும்போது பார்த்தேன், அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் படாமல் கழுவிக்கொண்டாள். அன்றைக்கே வீட்டில் சரி என்று சொல்லிவிட்டாளாம்.

ஆவணியில் கல்யாணம். பாயிடம் கெஞ்சி சண்டைக்காரம்மா நாவல் ஒன்றைச் சொந்தமாகவே வாங்கி, பொட்டு வைத்துக் கொடுத்தேன்.

மறு வருஷம் மாசி மகத்துக்குப் பிறந்த வீடு வந்தவள் கம்பெனி வாசலுக்கு வந்தாள். இளைத்திருந்தாள். இடது கைச் சுண்டுவிரல் கோணிக்கொண்டு நின்றது. என்ன ஆச்சு என்றேன். கதவில் மாட்டிக்கொண்டது என்றாள். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. அவளே தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அழுவுற கதை ஏதும் வச்சிருக்கீங்களாக்கா?"

"அது எதுக்கு உனக்கு?"

"அதுல அந்தப் பொண்ணுங்கல்லாம் கடைசியில என்னா பண்றாங்கன்னு பாக்கணும்."

என்னிடம் ஒன்றுகூட இல்லை. அத்தனையையும் நான்தானே பொறுக்கிப் பொறுக்கித் திருப்பிக் கொடுத்திருந்தேன். போவாத, என் வூட்டுலயே இரு என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் லாரி ஆரன் கேட்டது. கைப்பையை எடுத்துக்கொண்டு, போயிட்டு வரேன்க்கா என்று போனாள்.

ஐப்பசி மழை பிடிக்கும் முன்னால் சேதி வந்தது. வயிற்று வலி தாங்காமல் பூச்சி மருந்து குடித்துவிட்டாள் என்றார்கள். பேப்பரிலும் அப்படித்தான் போட்டிருந்தது. எங்கள் பக்கம் இளம் பெண்களுக்கு வயிற்று வலி அதிகம். அஞ்சலையும் நானும் பஸ் ஏறித் திட்டக்குடிக்குப் போனோம். செந்தாமரையின் அம்மா அவள் துணிமூட்டைக்குள்ளிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்து, "இது உங்குளுதுன்னு எம் பொண்ணு சொல்லும்மா" என்றார். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. புறங்கையில் பொட்டு வைத்ததைப் பார்த்த அத்தனை பேரும் மறந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு எதைப் படிக்கலாம் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. கண் தெரியவில்லை என்றேன். கொஞ்ச நாள் கேட்டார்கள், பிறகு டிவியில் தொடர் வந்ததும் விட்டுவிட்டார்கள். பாய் கடையில் டெலிபோன் பூத் வந்தது.

நேற்று ரவிக்கை வாங்கப் போனபோது அந்தப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். இந்தத் தடவை பேச்சு வந்துவிட்டது.

"அந்தக் கோவக்காரன் கதைய மட்டும் யாருக்கும் படின்னு சொல்லாத பாப்பா."

"ஐய, சும்மா கதைதான ஆயா" என்று சிரித்தாள் ரேவதி. புத்தகத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "என்னா ஆயா இது, அட்டையில கருப்பா ஒரு பொட்டு?"

சாயம் பட்டுவிட்டது என்று சொல்லித் திரும்ப வாங்கிக்கொண்டேன். கம்பெனிக் கொட்டகை விழுந்து கருவேலம் மண்டிக் கிடக்கிறது. சூளை இருந்த இடம்கூடத் தெரியவில்லை. பாய் இல்லை, அஞ்சலையும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்தப் பொட்டை நீலம் என்று சொல்வதற்கு இந்த ஊரில் இப்போது என்னை விட்டால் ஆள் கிடையாது. நேற்று வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கும் கருப்பாகத்தான் தெரிந்தது.