ஒன்பதில் நின்ற வரி

ஊரடங்கில் அம்மாவுக்குத் திடீரென்று சொந்தக்காரர்கள் முளைத்தார்கள். எனக்கு அப்போதே பொறி தட்டியது.

அம்மா கொச்சியில் ஒரு யூதர் வீட்டில் பிறந்தவள். விருதுநகர்க்காரரான என் அப்பாவைக் கட்டிக்கொண்டதும் பிறந்த வீட்டில் அவளைத் தலைமுழுகிவிட்டார்கள். பிறகு அவர்கள் குடும்பத்தோடு இஸ்ரேலுக்கே போய்விட்டார்கள். அப்பா காலமான பிறகு வீட்டில் அம்மாவும் நானும்தான். வெள்ளிக்கிழமை அந்தியில் அம்மா இரண்டு விளக்கு ஏற்றுவாள். எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை விளக்கேற்றாத வீடு ஏது? அதனால் யாரும் எதுவும் கேட்டதில்லை. நானும்தான்.

இப்போது தினமும் சாயங்காலம் வெளிநாட்டு எண்ணிலிருந்து வீடியோ அழைப்பு. அழைப்பவன் அம்மாவின் அண்ணன் மகனாம். அங்கேயும் ஊரடங்காம். ஜெப ஆலயத்தைப் பூட்டிவிட்டதால் கொச்சிக்காரர்கள் போனிலேயே கூடுகிறார்களாம். இத்தனை வருஷம் இல்லாத பாசம் இப்போது எங்கிருந்து பொங்கியது?

நான் சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனிக்கு ஆர்டர் பிடிப்பவன். முகம் தெரியாத ஆள் போனில் குழைந்து குழைந்து பேசினால் உள்ளே வேறு கணக்கு இருக்கும் என்பது என் அனுபவம். கம்பெனி மூடிக்கிடந்தது, வேலைக்குக் கூட்டிப்போகும் வேனும் வரவில்லை. அம்மாவை வேவு பார்ப்பதே வேலையாகிப்போனது.

பார்க்கப் பார்க்கச் சந்தேகம் வலுத்தது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் முன்பே பேச்சை முடித்துக்கொள்வார்கள். சனிக்கிழமை கூப்பிடவே மாட்டார்கள். ஏமாற்றுக்காரனுக்கும் வார லீவா? ஒரு நாள் அந்த அண்ணன் மகன், வீட்டில் ஆண்கள் யாரெல்லாம் என்று மலையாளத்தில் விசாரித்தான். அதைவிட மோசம், அந்தக் கூட்டத்திலிருந்த கிழவர். திரையில் ஒவ்வொரு ஆண் முகமாகப் பார்த்து, புரியாத பாஷையில் ஆளுக்கொரு சொல் சொல்வார். ஒன்பது சொல்லோடு நிறுத்திவிடுவார். எல்லோரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். என்ன சங்கேதமோ!

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

"ஏம்மா, ஓடிபி கீடிபி எதுவும் கேட்டாகளா?"

"ஏலே, எங்க அண்ணன் செத்துப்போனாக," என்றாள் அம்மா.

கொரோனா. ஆஸ்பத்திரியில் பக்கத்தில் யாருமே இல்லாமல் போயிருக்கிறார். அடக்கத்துக்கும் சொந்தங்கள் கூட முடியவில்லை. மகன் அப்பாவுக்காக ஒரு ஜெபம் சொல்ல வேண்டும். அதற்குப் பத்து ஆண்கள் கூடியிருக்க வேண்டும். போனில் கூடினால் செல்லாது என்று சிலர் வர மறுக்க, ஒன்பது பேர்தான் தேறினார்கள். மனிதர்களை ஒன்று, இரண்டு என்று எண்ணுவது அவர்களுக்கு ஆகாது. பத்துச் சொல் கொண்ட ஒரு வரியை ஆளுக்கொரு சொல்லாகச் சொல்லிப் பார்ப்பார்கள். ஒரு சொல் மிஞ்சினால் ஜெபம் இல்லை. வெள்ளி அந்தியிலிருந்து சனி அந்திவரை ஓய்வு நாள், போனையே தொடக் கூடாது; மற்ற நாளெல்லாம் அந்தப் பையன் காத்திருந்து, சொல்லாமலே போனை வைத்துக்கொண்டிருந்தான்.

"அம்மா யூதச்சின்னா பிள்ளையும் யூதன்தாம்லே அவுகளுக்கு. நீ வந்து உக்காந்தா பத்து நெறஞ்சுரும்."

"இம்புட்டு நாளா ஏன் சொல்லல?"

"சொன்னா சந்தேகப்படுவே."



அன்று சாயங்காலம் போன் முன்னால் போய் உட்கார்ந்தேன். தலை திறந்திருக்கக் கூடாது என்று அம்மா என் துண்டையே எடுத்துத் தலையில் போட்டாள். இவர்களால் கடைசியில் தலையில் துண்டுதான் என்று நான் நினைத்தது பலித்துவிட்டது.

கிழவர் ஆரம்பித்தார். ஒன்பதாவது சொல் அண்ணன் மகனுக்கு வந்தது. அடுத்து என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். முன்பின் தெரியாத ஆள் தரும் ஆர்டரை நான் அப்படித்தான் பார்ப்பேன். முதல்முறையாக எனக்குப் பயமாக இருந்தது. நான் தேறாமல் போய்விட்டால் அம்மா என்ன ஆவாள்?

கிழவரின் கண் என்னைவிட்டு, பின்னால் நின்ற அம்மாவிடம் போனது. திரும்ப என்னிடம் வந்தது. பத்தாவது சொல்லைச் சொன்னார்.

அண்ணன் மகன் எழுந்து நின்றான். அப்பாவுக்கான ஜெபத்தைச் சொல்லத் தொடங்கினான். சாவுச் செய்தி வந்த நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அம்மா, என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே" என்று தெருவுக்கே கேட்கும்படி அழுதாள்.