இறுக்கி செய்த இறக்கை

என் அக்கா கணவருக்குப் பஸ் டெப்போவில் 'இறுக்கி' என்று பெயர். அவர் முடுக்கிய நட்டைக் கழற்ற இன்னொரு ஆள் ஸ்பானரில் ஏறி நிற்கவேண்டும். வீட்டிலும் அதே கதைதான். சர்க்கரை டப்பாவை அவர் மூடிவிட்டு வேலைக்குப் போனால் அன்றைக்கு அக்காவுக்குச் சர்க்கரையில்லாக் காபி. யாரையும் பாராட்டி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. மகள் விமானம் ஓட்டும் லைசென்ஸை வாங்கி வந்து நீட்டியபோதுகூட, "பார்த்து ஓட்டு" என்றதோடு சரி. சைக்கிளுக்குச் சொன்னதும் அதேதான்.

அந்த மனிதர்தான் மகளுக்காக வீட்டுப் பின்கட்டு ஷெட்டில் ஒரு சின்ன விமானம் கட்ட உட்கார்ந்தார். வரைபடம் வாங்கி வீட்டிலேயே கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று அவள் எப்போதோ சொன்னதைப் பிடித்துக்கொண்டார்.

இறக்கைக்குள்ளே இருந்து துணிக்கு வடிவம் கொடுக்கும் மரச்சட்டத்துக்கு ரிப் என்று பெயர். பார்க்க மீன் மாதிரி இருக்கும், கையில் எடுத்தால் கனமே தெரியாது. பலகையில் படத்தை ஒட்டி, கோட்டின் இருபுறமும் சின்னச் சின்னக் கட்டைகளை ஆணியடித்து வைப்பார். மெல்லிய மரப்பட்டிகளை வெந்நீரில் ஊறவைத்து, கட்டைகளுக்கு நடுவே வளைத்துக் காயவிடுவார். உள்ளே குறுக்குக் குச்சிகள். குச்சியும் பட்டியும் சேரும் இடத்திலெல்லாம் ஒரு பிளைவுட் துண்டைப் பசை வைத்து ஒட்டவேண்டும். காய்ந்ததும் பெயர்த்து, திருப்பிப் போட்டு, மறுபக்கமும் அப்படியே. பலகையோடு ஒட்டாமலிருக்க அடியில் மெழுகுத்தாள் விரிக்கவேண்டும். முதல் ரிப்புக்கு அதை மறந்துவிட்டார். "அப்ப பலகையும் சேர்ந்துதான் பறக்கணும் மாமா" என்றேன். அந்த வாரம் முழுக்க என்னோடு பேச்சில்லை.

சண்டையெல்லாம் பசையில்தான். "இதுக்கு லேசா அழுத்தினா போதும்ப்பா. ஸ்டேப்லர் அடிச்சு விட்டுடலாம். நடுவுல கொஞ்சம் பசை நிக்கணும்" என்றாள் மகள்.

"நிக்கறதுக்கு அது என்ன பஸ் ஸ்டாப்பா? இறுக்கினாதான்டி பிடிக்கும்."

திருகி இறுக்கும் கிளாம்பை மாட்டித் தன் பிடியில் முடுக்குவார். பசை ஓரமெல்லாம் பிதுங்கி வழியும். அதைத் துடைத்துவிட்டு, பார் எவ்வளவு சுத்தம் என்று காட்டுவார். அவருக்கு நைட் ஷிப்ட் விழுந்த வாரங்களில் மட்டும் சில ரிப்புகளை அவள் தன் வழியில் ஒட்டினாள்.

பசையைச் சோதிக்க ஒரு வழக்கம் உண்டு. கோப்பையில் மிஞ்சியதைக் கொண்டு இரண்டு மரத்துண்டுகளை ஒட்டி ஜன்னலில் வைத்துவிட்டு, மறுநாள் உடைத்துப் பார்ப்பது. மரம் கிழிந்து நாராக வந்தால் ஒட்டு நல்ல ஒட்டு. பசை வழவழவென்று விட்டுக்கொண்டால் அன்றைய வேலை அத்தனையும் குப்பை. அவர் உடைத்ததெல்லாம் நாராகத்தான் வந்தது. ஒவ்வொன்றையும் எங்கள் மூக்குக்கு நேரே நீட்டிக் காட்டாமல் விடமாட்டார்.

விமானத்துக்கு அனுமதி கொடுக்கும் பரிசோதகர் வந்து பார்த்துத் தலையாட்டினார். மகள் மாதக்கணக்கில் உட்கார்ந்து இறக்கைக்குத் துணி போர்த்தித் தைத்து, வர்ணமும் பூசி முடித்தாள். ஞாயிறு காலை முதல் முறையாக அவள் அதை ஓட்டுவதாக ஏற்பாடு. சனிக்கிழமை மதியம், சும்மா இருக்காமல் நான் அக்கா வீட்டு ஹாலில் ஒட்டடை அடித்தேன். அதிகப்படியாகச் செய்த ஒரு ரிப்பை அவர் சுவரில் மாட்டியிருந்தார். ஒட்டடைக் குச்சி பட்டு அது விழுந்தது.

ஒரு பிளைவுட் துண்டு தனியாகக் கழன்று என் காலடியில் கிடந்தது. எடுத்துத் திருப்பினேன். வழவழவென்று இருந்தது. ஒரு நார் இல்லை.

"மாமா, இதைப் பாருங்க."

வாங்கிப் பார்த்தார். "சுவத்து ஈரம்" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை. இன்னொரு துண்டின் ஓரத்தில் கத்தியை வைத்து நெம்பினார். வந்துவிட்டது. அடுத்ததும் வந்தது.

"ஜன்னல்ல வெச்சதெல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு?" என்று கேட்டேன்.

கழன்ற துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்தத் துண்டுக்கெல்லாம் நான் கிளாம்ப் போட்டதே இல்ல. கிளாம்பு எல்லாம் ரிப்புல மாட்டியிருக்கும். சும்மா ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுட்டுப் போவேன்."

இறுக்கிய இறுக்கில் ஒட்டவேண்டிய பசையெல்லாம் வெளியே போய்விட்டது. அதைத்தான் அத்தனை நாளும் துடைத்து எறிந்திருக்கிறார்.

கத்தியோடு ஷெட்டுக்குப் போனார். அக்காவும் மகளும் நானும் பின்னாலேயே ஓடினோம். இறக்கை அங்கே பளபளவென்று இருந்தது. துணியில் கத்தியை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். அது மகள் தைத்த துணி.

"வெட்டுங்கப்பா" என்றாள் அவள்.

வெட்டினார். உள்ளே கையை விட்டுத் துண்டைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். அசையவில்லை. பக்கத்து ரிப்பையும் பார்த்தார். அதுவும் கல் மாதிரி நின்றது. "அப்பாடா!" என்று அக்கா உட்கார்ந்தேவிட்டாள். எனக்கும் உயிர் போய் உயிர் வந்தது. "இது போதும், விடுங்க. சுவத்துல இருந்தது மட்டும்தான் கெட்டிருக்கு" என்றாள் அக்கா.

அவர் டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். போதும் என்று எழுந்திருந்தால் நாங்கள் யாரும் கேட்டிருக்கமாட்டோம், நம்பத்தான் துடித்துக்கொண்டிருந்தோம்.

"இது ரெண்டுலயும் ஸ்டேப்லர் தடம் இருக்கு" என்றார். "இவ ஒட்டினது."

தள்ளிப் போய் இன்னோர் இடத்தில் வெட்டினார். அங்கே தடம் இல்லை. அந்தத் துண்டை இழுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, நகத்தால் நெம்பியதும் கையோடு வந்தது.

அந்த மனிதர் தரையில் உட்கார்ந்து அழுததை நான் அன்றுதான் பார்த்தேன். அழுகைக்கு நடுவே மகளைப் பார்த்து, "நீ பண்ணினது நிக்குதும்மா. நீ பண்ணினது எல்லாம் நல்லா நிக்குது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

இறக்கையைப் பிரித்து, தான் செய்த ரிப் ஒவ்வொன்றையும் தானே உடைத்தார். மறுபடி எல்லாவற்றையும் மகள்தான் ஒட்டினாள். அவருக்குப் பட்டியை வளைத்துக் கொடுக்கும் வேலை மட்டும். பழக்கதோஷத்தில் துண்டின்மேல் கட்டைவிரலை ஊன்றிவிடுவார். "விரலை எடுங்கப்பா" என்பாள். எடுத்துவிடுவார். ஜன்னலில் வைக்கும் துண்டுக்கும் இப்போது ஸ்டேப்லர்தான்.

அடுத்த வருஷம் ஒரு காலையில், ஓடுபாதை ஓரத்தில் இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மகள் கையை ஆட்டினாள். அவர் விடவில்லை. அவள் எட்டிப் பார்த்துக் கத்தினாள்: "அப்பா, கையை எடுங்க!"

எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பையில் நுழைக்கப் பார்த்தார். விமானம் ஓடி, எழும்பி, மரங்களுக்கு மேலே போயிற்று. அவள் சுற்றி வந்து இறங்கும்வரை அக்கா கண்ணை மூடிக்கொண்டு என் மணிக்கட்டை நெரித்துக்கொண்டிருந்தாள். வலி உயிர் போனது. நான் விடு என்று சொல்லவில்லை.